காரைக்குடியிலிருந்து சென்னைக்கு இரவுப் பேருந்து: செலவிலும் வசதியிலும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

செட்டிநாட்டு ஊர்களிலிருந்து சென்னைக்கு ஏறத்தாழ 400 கிலோமீட்டர். இவ்வளவு தொலைவுக்கு வண்டியைத் தேர்ந்தெடுக்கும்போது பயணச்சீட்டின் விலையை மட்டும் ஒப்பிடுவதே பெருந்தவறு. கிளாம்பாக்கம் பேருந்து நிலையம் 2023 டிசம்பர் 30 அன்று திறக்கப்பட்ட பிறகு, தென் மாவட்ட வண்டிகளில் வருவோர் நகருக்கு வெளியிலேயே இறங்க வேண்டியிருக்கிறது. பின்னிரவு மூன்றரை மணிக்கு இறங்கி, மூட்டை முடிச்சுகளோடு வடசென்னைக்கு ஆட்டோ பிடிக்கும் குடும்பம், மலிவான இருக்கையில் மிச்சம் பிடித்ததை அந்த ஒரு சவாரியிலேயே கொடுத்துவிடுகிறது. மாநகரப் பேருந்தும் மின்சார ரயிலும் ஓடத் தொடங்கிய பின் போய்ச் சேரும் வண்டியே கைக்கு அடக்கமானது.

அடுத்த தவறு, கடைசி நேரத்தில் பதிவு செய்வது. ஆம்னி பேருந்துகளுக்கு அரசு கட்டணம் நிர்ணயிப்பதில்லை; பொங்கல், தீபாவளி, முகூர்த்த நாட்களில் கட்டணம் ஏறிக்கொண்டே போகும். மாதச் சம்பளக்காரர் முன்கூட்டியே பதிவு செய்துவிடுகிறார். முதலாளி விடுப்புத் தருவாரா என்று கடைசி நாள்வரை காத்திருக்கும் ஜவுளிக்கடை ஊழியரோ, குறைந்த வருமானத்திலிருந்து அதிகக் கட்டணம் கொடுக்கிறார்; இது எனக்குப் பெரும் அநியாயமாகவே படுகிறது. அரசு விரைவுப் பேருந்தில் பண்டிகைக்கென்று கட்டணம் கூட்டப்படுவதில்லை. ஆகவே விடுப்பு உறுதியாகாவிட்டாலும் அதில் முதலில் ஓர் இடம் பிடித்துவிடுங்கள். பயணத்தை ரத்து செய்ய நேர்ந்தால் பிடித்தம் போக மீதிப் பணம் திரும்பக் கிடைக்கும்.

2021 மே மாதம் தொடங்கிய மகளிர் கட்டணமில்லாப் பயணம் சாதாரண நகரப் பேருந்துகளுக்கு உரியது. பள்ளத்தூரிலிருந்து காரைக்குடி வரை அது உதவும்; விரைவுப் பேருந்தில் செல்லாது.

வசதி என்றதும் படுக்கை வண்டியையே நினைப்பதும் தவறுதான். மூட்டுவலியுள்ள அப்பத்தாவுக்கு மேல் படுக்கை எடுத்துக் கொடுத்தால், ஒரு பாதம் மட்டுமே பதியும் இரும்புப் படியில், ஓடும் வண்டியின் ஆட்டத்தில், கம்பியைப் பிடித்துக்கொண்டு அவர் ஏற வேண்டும். நள்ளிரவில் வண்டி நிற்கும்போது அதே படியில் இருட்டில் கால் துழாவி இறங்க வேண்டும். இதற்கு அஞ்சியே பல மூதாட்டிகள் மாலையிலிருந்து தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுகிறார்கள், அது உடலுக்குக் கேடு. அவர்களுக்குக் கீழ்ப் படுக்கையோ, முன்பாதியில் சாய்விருக்கையோ போதும், சாய்விருக்கைக்குச் செலவும் குறைவு. பின் சக்கரத்துக்கு மேலுள்ள இடங்களில் ஒவ்வொரு வேகத்தடையும் இடுப்பில் இடிக்கும் என்பதால், படுக்கையானாலும் இருக்கையானாலும் அவற்றைத் தவிர்ப்பது நல்லது. குளிர்சாதன வண்டிக் கட்டணத்தில் 5 சதவீதம் ஜிஎஸ்டி உண்டு. மார்கழி, தை இரவுகளில் சன்னலோர இருக்கையும் வீட்டுப் போர்வையுமே போதும்.

பேருந்தை மட்டுமே நம்புவது மற்றொரு தவறு. பகலில் போகக்கூடியவர்களுக்கு, காரைக்குடியிலிருந்தே அதிகாலையில் புறப்படும் பல்லவன் விரைவு ரயில் இருக்கிறது. அதன் இரண்டாம் வகுப்பு இருக்கைக் கட்டணம் ஆம்னி பேருந்தைவிட வெகுவாகக் குறைவு, கழிப்பறையும் உண்டு, எழும்பூர் வரையே கொண்டுபோய் விடுகிறது.