வைரத்தில் முதலில் பட்டையைப் பாருங்கள்

கடைக்காரர் கல்லை எடுத்துத் தந்ததும், தலைக்கு மேலே எரிகிற சின்ன விளக்குகளின் கீழே வைத்து முடிவு எடுக்காதீர்கள். அந்த வெளிச்சத்தில் மோசமாக வெட்டிய கல்லும் பொறி பறக்கும். மட்டக்களப்பு டவுனில் நான் கல் பதிக்கிற வேலை செய்கிறேன். யார் கேட்டாலும் என் முதல் பேச்சு இதுதான்: கடைக்காரரையும் கூட்டிக்கொண்டு வாசல் நிழலுக்கு வாங்க. வெயிலுக்குள் இறங்க வேண்டாம், நேர் வெயிலில் நல்ல வைரம்கூடக் கறுத்துத் தெரியும்.

நிழலில் பிடித்து மெல்ல ஆட்டுங்கள். நன்றாகப் பட்டை தீட்டிய கல் விளிம்பு வரை வெள்ளையாக ஒளிரும், ஆட்டும்போது வெளிச்சமும் கறுப்பும் சட்டென்று இடம் மாறும். எப்படி ஆட்டினாலும் நடுவில் ஒரு கறுப்பு அப்படியே நின்றால் அடிப்பகுதி ஆழம் கூடிவிட்டது. நடுவைச் சுற்றி மீன் கண் மாதிரிச் சாம்பல் வளையம் தெரிந்தால் அடி தட்டையாகிவிட்டது. இரண்டிலும் மேலே திரும்பி வர வேண்டிய ஒளி பக்கத்தாலோ அடியாலோ ஒழுகிப் போகிறது. வட்டக் கல்லுக்குப் பொருத்தமான கோணங்களை, வைரம் வெட்டும் குடும்பத்தில் வந்த பொறியாளர் மார்செல் டோல்கோவ்ஸ்கி 1919இலேயே கணக்குப் போட்டு எழுதினார்: அடிப்பட்டை 40.75 பாகை, மேற்பட்டை 34.5 பாகை. இன்றைக்கும் நல்ல கற்கள் அதைச் சுற்றித்தான் நிற்கின்றன.

சரி, விலைக்கு வருவோம். மகளின் மோதிரத்துக்குக் கல் பார்க்க வந்த ஆரையம்பதி அம்மா ஒருவர், "ஒரு கரட் முழுசா இருக்கணும் தம்பி" என்றார். கரட் என்பது கல்லின் எடை அளவு. 1.00 கரட் கல் ஒன்றையும் 0.92 கரட் கல் ஒன்றையும் பக்கத்தில் வைத்து அவர் முன்னாலேயே அளந்தேன். பெரியதன் அகலம் 6.2 மில்லிமீற்றர், சின்னதன் அகலம் கிட்டத்தட்ட 6.3. ஒரு கரட்டைத் தொட்டதும் விலை எகிறும் என்பதால், வெட்டுகிறவர்கள் எடையை விட மனமில்லாமல் அடியில் தடிப்பாக வைத்துவிடுவதுண்டு. கண்ணுக்கே தெரியாத அந்த எடைக்கும் நாம்தான் காசு கொடுக்கிறோம். அம்மா சின்னதையே எடுத்தார், எனக்கும் அதுதான் சந்தோஷம்.

நீங்களும் அளக்கச் சொல்லுங்கள். நன்றாக வெட்டிய ஒரு கரட் வட்டக் கல் சுமார் 6.4 முதல் 6.5 மில்லிமீற்றர் அகலம் வரும். உயரம் அகலத்தில் 60 வீதத்தை ஒட்டி இருக்கட்டும், 65ஐத் தாண்டினால் வேறு கல் கேளுங்கள். வட்டக் கல்லுக்கு ஜிஐஏ என்ற அமெரிக்க இரத்தினக்கல் ஆய்வு நிறுவனம் தரும் சான்றிதழில் வெட்டுக்கென்று தனித் தரம் இருக்கும். எக்ஸலன்ட் என்றால் நல்லது. நிறத்திலும் தெளிவிலும் ஒரு படி இறங்கினாலும் இறங்குங்கள், வெட்டில் இறங்காதீர்கள். நீள்வட்டக் கல் என்றால் குறுக்கே வண்ணத்துப்பூச்சி போலக் கறுப்பு விழுகிறதா என்று பாருங்கள்.

மூக்குத்திக் கல்லுக்குப் பொதுவாகச் சான்றிதழ் வராது, நிழல் சோதனை போதும். ஆனால் மங்கிவிட்டது என்று கொண்டுவரும் மூக்குத்திகளில் பெரும்பாலும் கல்லில் குறையே இல்லை. பின்புறம் தேங்காய் எண்ணெயும் வியர்வையும் படிந்திருக்கும். வைரம் எண்ணெயை இழுத்துப் பிடிக்கும். சுரங்கத்தில் கிரீஸ் பூசிய பலகையில் ஒட்டவைத்தே வைரத்தைப் பிரித்தெடுத்திருக்கிறார்கள். அடிப்பட்டையில் எண்ணெய் ஒட்டினால் ஒளி அங்கேயே கசிந்துவிடும். இளஞ்சூட்டு நீரில் பாத்திரம் கழுவும் திரவம் ஒரு துளி விட்டு ஊறவைத்து, மெல்லிய பிரஷால் பின்பக்கத்தைத் தேயுங்கள்.

கடைசியாக, பதிப்பதற்கு முன்பே கல்லைத் தனியாக எடை போட்டு, அந்த எடையையும் மில்லிமீற்றர் அளவையும் பில்லில் எழுதி வாங்குங்கள். பதித்த பிறகு எடையை மதிப்பிடத்தான் முடியும்.