குழித்தட்டில் குறைந்த அழற்சி: ஹோமியோபதி உயிரணு ஆய்வுகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

காரைக்குடியில் எனக்குத் தெரிந்த ஆச்சி ஒருவர், முழங்கால் வலிக்காக வாங்கிய ஆர்னிகா 200 புட்டியோடு வந்த துண்டறிக்கையை நீட்டி, "ஆய்வுக்கூடத்துல வீக்கம் கொறஞ்சுச்சுன்னு போட்டிருக்கே, நெசமா தம்பி?" என்று கேட்டார். குழித்தட்டில் (சிறு சிறு குழிகள் கொண்ட ஆய்வகத் தட்டில்) வளர்த்த உயிரணுக்களில் ஹோமியோபதி மருந்தை இட்டுப் பார்க்கும் இத்தகைய ஆய்வைச் செய்யும் மாணவரும், அதைப் படித்துப் பிறருக்குச் சொல்பவரும் வழுக்கி விழும் இடங்கள் பெரும்பாலும் அந்தக் கேள்விக்குள்ளேயே இருக்கின்றன.

வீரியங்களை, அதாவது மருந்து எத்தனை முறை நீர்க்கப்பட்டது என்ற அளவுகளை, குழப்பிக்கொள்வது முதல் தவறு. ஆர்னிகாச் செடியில் ஹெலினாலின் என்ற வேதிப்பொருள் இருக்கிறது. அழற்சிக்கான மரபணுக்களை இயக்கும் என்.எஃப். கப்பா பி என்னும் புரதத்தை அது தடுக்கும். ஆகவே தாய்த்திரவத்தை (செடியிலிருந்து எடுத்த, இன்னும் நீர்க்காத சாற்றை) இட்ட உயிரணுக்களில் அழற்சிக் குறிகள் குறைந்தால் அதில் வியப்பில்லை. ஆனால் 6சி (ஒவ்வொரு முறையும் நூற்றுக்கு ஒரு பங்காக நீர்த்துக் குலுக்கி, ஆறு முறை செய்தது) என்பது நூறு மீட்டர் நீளமும் நூறு மீட்டர் அகலமும் ஐந்து மீட்டர் ஆழமும் உள்ள ஊருணி நிறையத் தண்ணீர் இருக்கும்போது அதில் ஒரு சொட்டு விட்டதற்குச் சமம். 12சி-யைத் தாண்டினால், அவகாட்ரோ எண்ணின்படி, மூலப்பொருளின் ஒரு மூலக்கூறுகூட மிஞ்சுவது அரிது. தாய்த்திரவத்தில் கிடைத்த முடிவை 200-இன் (அதாவது 200சி-யின்) புட்டியில் ஒட்டுவது, ஊருணித் தண்ணீரை ரசம் என்று பரிமாறுவதைப் போன்றது.

அப்படியானால் 30சி இட்ட குழிகளிலும் சில ஆய்வுகளில் மாற்றம் தெரிகிறதே என்று கேட்கலாம். அங்கேதான் நான் அதிகம் கவலைப்படும் தவறு ஒளிந்திருக்கிறது: சரியான ஒப்பீட்டுக் குழி இல்லாமை. திரவ வடிவில் விற்கப்படும் மருந்துகள் பலவற்றில் ஏறத்தாழ 90 விழுக்காடு எத்தனால் உண்டு. அதை வளர்ப்பு ஊடகத்தில் (உயிரணுக்கள் வளரும் சத்துநீரில்) நூற்றுக்கு ஒரு பங்கு சேர்த்தாலே, 100 மில்லிலிட்டருக்குச் சுமார் 710 மில்லிகிராம் எத்தனால் உயிரணுக்களைச் சூழ்ந்துவிடுகிறது. வண்டி ஓட்டுபவரின் இரத்தத்தில் நம் சட்டம் அனுமதிக்கும் எல்லை 100 மில்லிலிட்டருக்கு 30 மில்லிகிராம் என்பதை நினைத்துக்கொண்டால், குழியிலிருக்கும் மேக்ரோஃபேஜ்கள் (கிருமிகளை விழுங்கும் நோயெதிர்ப்பு உயிரணுக்கள்) எந்த நிலையில் இருக்கும் என்று ஊகிக்கலாம். டி.என்.எஃப். ஆல்ஃபா போன்ற அழற்சிச் சைட்டோகைன்கள் (உயிரணுக்கள் ஒன்றுக்கொன்று செய்தி அனுப்பும் புரதங்கள்) சுரப்பதை எத்தனாலே மட்டுப்படுத்தக்கூடியது. எனவே வெறும் ஊடகத்தோடு மருந்துக் குழியை ஒப்பிட்டால் தெரிவது எத்தனாலின் விளைவாகவே இருக்கலாம். அதே எத்தனாலை அதே வகைப் புட்டியில், அதே எண்ணிக்கையில் குலுக்கி, அதே அளவில் இட்ட குழிதான் சரியான ஒப்பீடு. குலுக்கும்போது கண்ணாடியிலிருந்து கரையும் சிலிக்காகூடக் கணக்கில் வர வேண்டும். சர்க்கரை உருண்டைகளைக் கரைத்து இடுபவர்கள் வெறும் உருண்டைகளையும் கரைத்து இட்டுப் பார்க்க வேண்டும்.

உயிரணு செத்துப்போனாலும் சைட்டோகைன் குறையும். ஆகையால் எம்.டி.டி. போன்ற உயிர்ப்புச் சோதனை இல்லாத 'அழற்சி குறைந்தது' என்ற வரியை நான் நம்புவதில்லை.

எதிர்த்திசையில், 'நோய் எதிர்ப்பைத் தூண்டியது' என்ற முடிவுக்கும் வேறொரு காரணம் இருக்கலாம். பெருங்காயம் வைத்த பாண்டம் என்பார்களே, அதுபோல, பாக்டீரியா செத்த பின்னும் அதன் சுவரிலுள்ள எண்டோடாக்சின் என்னும் நச்சு திரவத்திலும் கண்ணாடியிலும் தங்கிவிடும். வழக்கமான ஆட்டோகிளேவ் (அழுத்த நீராவிக் கலம்) அதை முழுதாக அழிப்பதில்லை. கண்ணாடிக் கலங்களை 250 டிகிரி செல்சியஸ் உலர்வெப்பத்தில் அரைமணி நேரம் வைக்க வேண்டும். ஒரு மில்லிலிட்டருக்கு ஒரு நானோகிராமுக்கும் குறைவான எண்டோடாக்சினுக்கே மேக்ரோஃபேஜ்கள் விழித்துக்கொள்ளும் என்பதால், அதை அளக்காமல் மருந்துக்குப் பெருமை சேர்க்கக் கூடாது.

எண்ணிக்கையிலும் ஏமாறலாம். ஒரே சட்டியில் கொதித்த மிளகுக் குழம்பை எட்டுக் கிண்ணங்களில் ஊற்றினால் எட்டுச் சமையல் ஆகிவிடாது. ஒரே குடுவையிலிருந்து ஒரே நாளில் எடுத்த உயிரணுக்களை எட்டுக் குழிகளில் இட்டாலும் அது ஒரு சோதனைதான். வேறு வேறு நாட்களில், புதிதாக வளர்த்த உயிரணுக்களில் திரும்பச் செய்தால்தான் எண்ணிக்கை கூடும்.

எந்தக் குழியில் எது என்று தெரிந்துகொண்டே எண்ணுவது வேறொரு பிழை. 1988 ஜூனில் பிரெஞ்சு நோயெதிர்ப்பியல் அறிஞர் ஜாக் பென்வெனிஸ்ட் குழுவினர், மூலக்கூறே மிஞ்சாத அளவு நீர்த்த எதிர்ப்பொருள் கரைசலும் மனித இரத்தத்திலுள்ள பேசோஃபில் என்னும் வெள்ளணுக்களைத் தூண்டுவதாக 'நேச்சர்' இதழில் எழுதினார்கள். அடுத்த மாதமே இதழாசிரியர் ஜான் மேடாக்ஸ், மாயவித்தைக்காரர் ஜேம்ஸ் ராண்டி, அறிவியலாளர் வால்டர் ஸ்டீவர்ட் ஆகிய மூவரும் பாரிஸ் அருகே கிளாமாரிலிருந்த பென்வெனிஸ்டின் ஆய்வகத்துக்குச் சென்றார்கள். குழாய்களின் அடையாளக் குறியீட்டை உறையிலிட்டு மூடிக் கூரையில் ஒட்டிவைத்துவிட்டு எண்ணச் சொன்னபோது அந்த விளைவு காணாமல் போயிற்று. நுண்ணோக்கியில் கண்ணால் எண்ணும் வேலையில் எதிர்பார்ப்பு எவ்வளவு எளிதாகப் புகுந்துகொள்கிறது என்பதற்கு இதைவிட நல்ல பாடத்தை நான் மாணவர்களுக்குச் சொன்னதில்லை.

இத்தனையும் சரியாக அமைந்தாலும், குழித்தட்டில் குருத்தெலும்பும் இல்லை, கல்லீரலும் இல்லை, இரத்த ஓட்டமும் இல்லை. அங்கே கிடைத்த எண்ணை ஆச்சியின் முழங்காலுக்கு நேராகக் கொண்டுவர முடியாது. டி.என்.எஃப். ஆல்ஃபா குறைவதெல்லாம் நன்மை என்று எண்ணுவதும் பிழைதான். அதைத் தடுக்கும் ஊசி மருந்துகளை முடக்குவாதத்துக்குத் தொடங்கும் முன், உறங்கிக் கிடக்கும் காசநோய் விழித்துக்கொள்ளக்கூடும் என்பதற்காக, மருத்துவர்கள் முதலில் காசநோய்ச் சோதனை செய்யச் சொல்கிறார்கள்.