கனவுக் காதல் சித்திரக்கதைத் தொடரில் அடுத்த திருப்பத்தைக் கணிப்பது எப்படி?

முதல் வாசிப்பு காதலுக்கு மட்டும். புது அத்தியாயம் வந்த இரவு நானும் என் நாத்தனார் மகளும் அதைப் பற்றி ஒரு சொல் பேச மாட்டோம். கணிப்பெல்லாம் மறுநாள் காலை, திருமங்கலத்திலிருந்து பெரியார் நிலையம் போகும் பஸ்ஸில்தான்.

இரண்டாம் முறை படிக்கும்போது வசனத்தை விடுங்கள், கட்டங்களின் ஓரத்தைப் பாருங்கள். நனவுக்குக் கோடு, கனவுக்குக் கோடில்லை என்பதுபோல ஓவியர் ஒரு வழக்கம் வைத்திருப்பார். அது பிசகும் இடத்தில்தான் முடிச்சு. கைப்பேசியில் கீழ்நோக்கி உருட்டிப் படிக்கும் வடிவம் என்பதால், நீண்ட வெற்றிடம் வந்தால் பெரும்பாலும் காலமோ உலகமோ மாறுகிறது.

கனவைத் தாண்டி வரும் பொருளைக் குறித்துக்கொள்ளுங்கள். எங்கள் தொடரில், விடிந்த பிறகும் நாயகியின் விரலில் ஒரு நீல நூல் இருந்தது. கனவு காண்பவள் அவள்தான் என்றேன் நான். "இல்லை அத்தை, அவன் கனவுக்குள் இவள் இருக்கிறாள்" என்றாள் சின்னவள். அன்று எனக்கு உறக்கமே வரவில்லை.

தொடக்கத்தில் சொல்லப்படும் கனவை ஒதுக்காதீர்கள். சிலப்பதிகாரத்தில் புகார்க் காண்டத்திலேயே கண்ணகி தோழி தேவந்தியிடம் தன் கனவைச் சொல்லிவிடுகிறாள். பெரிய நகரொன்றில் கோவலனுக்குத் தீங்கு நேர்கிறது. தெரிந்தும், மதுரைக் காண்டத்தில் நெஞ்சு பதறுகிறது.

ஒரு கணிப்புக்கு மூன்று கட்டங்களாவது சான்று வேண்டும். அடுத்த அத்தியாயம் வருமுன், அத்தியாய எண்ணோடு நோட்டில் எழுதிவிடுங்கள். இன்னும் படிக்காதவர் பக்கத்தில் இருந்தால், நோட்டை மூடிவிடுங்கள்.