லே பிரீச்சராகப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

லே பிரீச்சர் என்றால் குருப்பட்டம் பெறாமல் சபையில் பிரசங்கிக்கிறவர். "ஆண்டவர் என்னை அழைத்துவிட்டார், எப்போது பிரசங்கம் தருவீர்கள்?" என்று போதகரிடம் போய் நிற்பதுதான் முதல் தவறு. மெதடிஸ்ட் சபையில் அழைப்பை நாமே அறிவித்துக்கொண்டால் போதாது. நம்மை அறிந்த சபையாரும் அதை ஒப்புக்கொள்ள வேண்டும். குருப்பட்டம் பெறாத தாமஸ் மேக்ஸ்ஃபீல்ட் லண்டனில் பிரசங்கிக்கிறார் என்று கேள்விப்பட்டு, மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி அதைத் தடுக்கக் கோபத்தோடு வந்தார். தாய் சூசன்னாதான், முதலில் பிரசங்கத்தைக் கேள், அதன் பலனைப் பார் என்றார். கேட்ட பிறகு வெஸ்லி தடுக்கவில்லை. அந்தப் பலன் ஞாயிறு பள்ளியிலும் வீட்டு ஜெபத்திலும் தெரியட்டும். பிரசங்க பீடம் அப்புறம் வரும்.

சென்னையில் இன்னொரு குழப்பம் உண்டு. ராயப்பேட்டை வெஸ்லி ஆலயம் மெதடிஸ்ட் மிஷன் கட்டியதுதான், ஆனால் 1947 முதல் அது தென்னிந்தியத் திருச்சபையை (சி.எஸ்.ஐ.) சேர்ந்தது. வேப்பேரி இம்மானுவேல் ஆலயமோ மெதடிஸ்ட் சர்ச் இன் இந்தியா என்ற தனிச் சபையைச் சேர்ந்தது. இரண்டுக்கும் விதிகள் வேறு. எனவே உங்கள் சபையின் ஒழுங்கு என்ன என்று போதகரிடமே கேளுங்கள்.

நேரத்தில் தாராளம் காட்டாதீர்கள். குறித்த நேரத்தில் தொடங்கு, எடுத்த வசனத்தை விட்டு அலையாதே, சொந்த வார்த்தையில் செய்யும் ஜெபம் எட்டுப் பத்து நிமிடத்தைத் தாண்ட வேண்டாம் என்று வெஸ்லி தம் பிரசங்கிகளுக்குச் சொல்லி வைத்தார். வீட்டு ஜெபத்துக்கு வருகிறவர்களில் மறுநாள் பரீட்சை எழுதும் பிள்ளையும் இருக்கும், மின்சார ரயிலைப் பிடிக்க வேண்டியவரும் இருப்பார்.

எனக்கு மிகவும் வலிக்கிற தவறு வேறொன்று. ஒரு தாய் தனியே அழுது சொன்னதை, அடுத்த கூட்டத்தில் "ஆண்டவரே, இந்தச் சகோதரியின் மகனைக் குடியிலிருந்து விடுவியும்" என்று உரக்க ஜெபிப்பது. வார்த்தை ஜெபம்தான், ஆனால் சுற்றி உட்கார்ந்திருக்கும் அத்தனை பேருக்கும் அது செய்தி. அந்தத் தாய் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு தலைகுனிவார். மறுபடி யாரிடமும் மனம் திறக்க மாட்டார். பெயரும் வேண்டாம், அடையாளமும் வேண்டாம். "பாரத்தோடு வந்திருக்கிறவர்களை நினைத்தருளும்" என்றால் போதும், யாருக்காக என்று ஆண்டவருக்குத் தெரியும்.

மருத்துவமனையில் நோயாளி திருவிருந்து (அப்பமும் திராட்சரசமும்) கேட்டால் நீங்களே கொடுத்துவிடாதீர்கள். அது குருப்பட்டம் பெற்ற போதகரின் பொறுப்பு. ஆனால் "ஞாயிறு சொல்கிறேன்" என்று தள்ளிப்போடவும் கூடாது. கட்டிலருகே இருந்தே போதகருக்குப் போன் செய்யுங்கள்.