அக்யூட்ரான் வாட்ச்: பழுதுபார்த்து விற்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பழைய அக்யூட்ரான் ஒன்று கைக்கு வந்தால் முதலில் அதைக் காதருகே கொண்டுபோங்கள். டிக் டிக் சத்தம் கேட்காது. எங்கோ ஒரு வண்டு பறப்பது போல மெல்லிய ரீங்காரம்தான் கேட்கும். நியூயார்க்கில் புலோவா நிறுவனம் 1960 அக்டோபரில் வெளியிட்ட வாட்ச் இது. மற்ற வாட்சுகளில் முன்னும் பின்னும் ஆடி நேரம் காக்கும் பேலன்ஸ் வீல் இருக்கவேண்டிய இடத்தில், இரண்டு கால் கொண்ட அதிர்வுக் கவையான டியூனிங் ஃபோர்க்கை வைத்தவர் மாக்ஸ் ஹெட்ஸல் என்ற சுவிஸ் பொறியாளர். இரண்டு காயில் (கம்பிச் சுருள்), ஒரு டிரான்சிஸ்டர், ஒரு சின்ன பேட்டரி ஆகியவை சேர்ந்து அந்த ஃபோர்க்கை நொடிக்கு 360 முறை அதிரவைக்கின்றன. மாதத்துக்கு ஒரு நிமிடத்துக்கு மேல் தவறாது என்று அன்றைக்கே உத்தரவாதம் கொடுத்து விற்றார்கள். குவார்ட்ஸ் வாட்ச்கள் பரவியபின் 1977-ல் இதன் தயாரிப்பு நின்றது.

என் மேசைக்கு வந்த அக்யூட்ரான்களில் வயதானதால் கெட்டவை குறைவு. யாரோ திறந்து கைவைத்ததால் கெட்டவைதான் அதிகம். முதல் மாடலான 214-ஐ வைத்தே சொல்கிறேன்.

எல்லாத் தவறும் கடைசியில் போய் முடிவது ஒரு பற்சக்கரத்தில். விட்டம் சுமார் 2.4 மில்லிமீட்டர். அதன் விளிம்பில் 300 பற்கள். வெறும் கண்ணுக்குப் பல் தெரியாது, வழவழப்பான வட்டத்தகடு போலத்தான் இருக்கும். ஃபோர்க்கின் ஒரு காலில் முடிபோன்ற ஒரு கம்பி, அதன் நுனியில் ஒரு மாணிக்கக் கல். ஃபோர்க் ஒவ்வொரு முறை அசையும்போதும் அந்தக் கல் ஒரு பல்லைத் தள்ளும். இன்னொரு கம்பியில் உள்ள கல் சக்கரம் பின்னால் போகாமல் தடுக்கும். ஒரு நாளைக்கு 3 கோடியே 11 லட்சம் முறை இது நடக்கிறது.

ஆரம்ப காலத்தில் எனக்கு வந்த ஒரு வாட்சில் ரீங்காரம் இருந்தது, முள் மட்டும் நகரவில்லை. சக்கரம் சுற்றுகிறதா என்று பார்க்க, ட்வீசர் நுனியால் லேசாகத் தள்ளினேன். சுற்றியது. அப்புறம் மைக்ரோஸ்கோப்பில் வைத்துப் பார்த்தபோது ஓரிடத்தில் ஏழெட்டுப் பற்கள் சாய்ந்து படுத்திருந்தன. அந்த இடம் வரும்போதெல்லாம் சக்கரம் தடுமாறியது. மாற்றுச் சக்கரத்துக்காக இன்னொரு பழுதான மூவ்மெண்ட்டையே, அதாவது வாட்சின் உள் இயந்திரத்தையே, வாங்க வேண்டியதாயிற்று. குறைந்தது 30 மடங்கு பெரிதாகக் காட்டும் மைக்ரோஸ்கோப் இல்லாமல் இந்தச் சக்கரத்தின் பக்கம் போகாதீர்கள். கல்கள் பல்லில் பொருந்தியிருக்கும்போது சக்கரத்தைக் கையால் சுற்றவே கூடாது.

அடுத்தது பேட்டரி. பெரும்பாலோர் தடுக்கி விழும் இடம் இதுதான். 214-ஐ வடிவமைத்தது 1.35 வோல்ட் பாதரச பேட்டரிக்கு. பாதரச பேட்டரி விற்பனையை அமெரிக்கா 1996-ல் சட்டம் போட்டு நிறுத்தியது, மற்ற பல நாடுகளும் நிறுத்திவிட்டன. இன்று கிடைக்கும் சில்வர் ஆக்ஸைடு பேட்டரி 1.55 வோல்ட். 0.2 வோல்ட் என்ன செய்துவிடும் என்று தோன்றலாம். ஃபோர்க் அகலமாக வீசி ஆடத் தொடங்கும், கல் ஒரு பல்லுக்குப் பதிலாக அதற்கு மேலும் தள்ளிவிடும், வாட்ச் ஒரே நாளில் மணிக்கணக்கில் முந்தும். இதைப் பார்த்ததும் பலர் ஃபோர்க் நுனியில் உள்ள, வேகத்தைச் சரிசெய்யும் ரெகுலேட்டரைத் திருக ஆரம்பிக்கிறார்கள். அந்த ரெகுலேட்டரில் ஒரு கோடு நகர்த்தினால் நாளுக்கு 2 நொடிதான் மாறும். மணிக்கணக்கில் ஓடுவதை அதனால் பிடிக்க முடியாது, ஏற்கெனவே சரியாக இருந்ததும் கெட்டுப்போகும்.

இதற்கு இரண்டு வழி உண்டு. உள்ளேயே மின்னழுத்தத்தை 1.35-க்கு இறக்கித் தரும்படி செய்த பேட்டரிகள் கிடைக்கின்றன, விலை கொஞ்சம் கூடுதல். இல்லாவிட்டால் இரண்டு கல்களுக்கும் இடையே உள்ள இடைவெளியை அரைப் பல் கணக்கில் நகர்த்திச் சரிசெய்ய வேண்டும். நூறில் ஒரு மில்லிமீட்டர் வேலை அது. நன்றாகப் பொருத்திய 214 பல சமயம் 1.55-லும் ஒழுங்காக ஓடும். ஆனால் பழகாதவர் முதல் வாட்சிலேயே இதில் இறங்க வேண்டாம், 1.35 வோல்ட் தரும் பேட்டரியைப் போட்டுவிட்டுப் போவதே நல்லது.

ரீங்காரமே இல்லையென்றால் உடனே காயில் போய்விட்டது என்று முடிவுகட்டிவிடாதீர்கள். பழைய பேட்டரி கசிந்து தொடுமுனையில் பச்சை பூத்திருக்கலாம். ஃபோர்க்கின் இரு நுனியிலும் காந்தம் இருப்பதால் ஒரு துளி இரும்புத்தூள் உள்ளே ஒட்டியிருந்தாலும் அசைவு நின்றுவிடும். அதனால்தான் இரும்புத்தூள் பறக்கும் மேசையில் இதைத் திறக்கவே கூடாது, சாதா எஃகு ட்வீசரும் ஆகாது, பித்தளைதான் நல்லது. காயில் கம்பி தலைமுடியைவிட மெல்லியது. காயிலை, ஒலியதிர்வால் சுத்தம் செய்யும் அல்ட்ராசோனிக் தொட்டியில் மற்ற பாகங்களோடு சேர்த்துப் போட்டால் அறுந்துவிடும். எண்ணெய் பற்றி ஒரே வரி: அந்த 300 பற்களிலும் இரண்டு கல்களிலும் ஒரு சொட்டுகூடப் படக்கூடாது.

சரி, வாட்ச் ஓடுகிறது, இனி விற்க வேண்டும். இங்கேதான் எனக்கு மனசு வலிக்கும் ஒரு விஷயம் இருக்கிறது. டயல் இல்லாமல் உள்ளே காயில்கள் தெரியும் மாடலுக்கு ஸ்பேஸ்வியூ என்று பெயர். மற்ற மாடல்களைவிட அதற்கு நல்ல விலை. அதனால் நல்ல டயலோடு வந்த வாட்சைக்கூடக் கழற்றி, டயலை வீசிவிட்டு ஸ்பேஸ்வியூ ஆக்கிவிடுகிறார்கள். அறுபதுகளில் தொழிற்சாலையிலிருந்து வந்தபடி இருந்த ஒரு டயல் போனால் போனதுதான். டயல் அழிந்துபோன வாட்சை அப்படி மாற்றுவதில் தப்பில்லை, ஆனால் விற்கும்போது ‘மாற்றியமைத்தது’ என்று எழுதுங்கள். விவரம் தெரிந்தவர் எப்படியும் கண்டுபிடித்துவிடுவார்.

கேஸைப் பளபளவென்று மெருகேற்றுவதும் அப்படித்தான். விளிம்புகள் மழுங்கிவிடும், பின்மூடியில் தயாரித்த ஆண்டைக் காட்டும் எழுத்தும் தேய்ந்துபோகும். எம்4 என்றிருந்தால் 1964, என்2 என்றிருந்தால் 1972. வாங்குபவர் முதலில் தேடுவது அந்த எழுத்தைத்தான். பழைய வாட்ச் எதையும் ‘தண்ணீர் புகாது’ என்று சொல்லி விற்காதீர்கள், ஐம்பது வருட ரப்பர் வளையத்தை யாரும் நம்ப முடியாது. படத்தோடு ஒரு சின்ன வீடியோவும் போடுங்கள். நொடி முள் வழுக்கிக்கொண்டு போவதும் ரீங்காரமும் அதில் வரட்டும்.

214-க்குப் பக்கவாட்டில், நேரம் மாற்றும் திருகி கிடையாது. திருகி உடைந்த வாட்ச் என்று நினைத்துக் குறைந்த விலைக்கு விற்றவர்களும் உண்டு, அதே காரணத்தைச் சொல்லித் திருப்பி அனுப்பியவர்களும் உண்டு. பார்சலில் ஒரு துண்டுத் தாள் வையுங்கள்: பின்பக்கம் மடிந்திருக்கும் கைப்பிடியைத் தூக்கித் திருப்பினால் நேரம் மாறும், பேட்டரி மூடியை நாணயத்தால் திறக்க வேண்டும், கத்தியால் அல்ல, இப்போது உள்ளே இருப்பது எத்தனை வோல்ட் பேட்டரி, போட்டது எந்தத் தேதியில்.