கல்யாணச் சேலைக் கொள்முதல்: வெளிநாட்டிலிருந்து கொங்கு நாட்டுக்கு வரும் சிறு கடைக்காரர்களுக்கு

பத்து நாள் விடுப்பில் ஊருக்கு வருகிறோம். அதில் நான்கு நாள் கோவை ஒப்பணக்கார வீதியிலும் கிராஸ்கட் ரோட்டிலும் மாடி மாடியாக ஏறி இறங்குவதிலேயே போய்விடுகிறது. பெட்டி நிறையச் சேலையோடு திரும்பிக் கடையில் அடுக்கி வைத்தால், முதலில் வரும் மணப்பெண் கைபேசியை நீட்டுகிறாள். அதே சேலை, அதே கரை. கோவைக் கடையே நேராக வீட்டுக்கு அனுப்புகிறது, என் விலையைவிடக் குறைவாக. என்னுடைய முதல் இரண்டு பயணங்கள் இப்படித்தான் வீணாயின. நான் கோபிசெட்டிபாளையத்துக்காரி, லண்டன் புறநகரில் ஒற்றை அறையில் கல்யாணத் துணிக்கடை வைத்திருக்கிறேன். என்னைப் போன்றவர்கள் ஊருக்கு வந்தால் கடை வீதியை முதல் நாளோடு முடித்துக்கொண்டு தறி இருக்கும் ஊருக்குப் போய்விட வேண்டும். அங்கே சேலை வாங்க வேண்டாம், பாவு போடச் சொல்லுங்கள்.

பாவு என்பது தறியில் நீளவாக்கில் ஏற்றுகிற நூல். சேலை ஐந்தரை மீட்டர். ரவிக்கைத் துணியையும் சேர்த்தால் சுமார் ஆறே கால் மீட்டர் வரும். பாவின் நீளத்தைப் பொறுத்து ஒரு பாவில் சில சேலைகள் இறங்கும். அத்தனைக்கும் பாவு நிறம் ஒன்றுதான். ஆனால் குறுக்கே ஓடும் ஊடையை மாற்றினால் ஒவ்வொரு சேலையின் உடலும் வேறு வேறு நிறம் காட்டும். பெரிய கடைக்கு ஒரே மாதிரியில் நூறு வேண்டும். நமக்கோ நான்கு சேலை, நான்கும் வேறாக இருக்க வேண்டும். கைத்தறிக்கு இதைவிடப் பொருத்தமான கிராக்கி கிடையாது.

நான் போவது சிறுமுகைக்கு. மேட்டுப்பாளையத்திலிருந்து சத்தியமங்கலம் போகும் பஸ்கள் இவ்வழியாகத்தான் போகின்றன. பவானி ஆற்றங்கரை ஊர். மரக்கூழிலிருந்து ரேயான் இழை செய்த பெரிய ஆலை ஒரு காலத்தில் இங்கேதான் ஓடியது. அந்தச் செயற்கை இழை போய்விட்டது, பட்டுத் தறி நிலைத்துவிட்டது. இங்கே நெய்யும் மென்பட்டு காஞ்சிப் பட்டைப்போலக் கனக்காது. லண்டனில் கல்யாண மண்டபத்துக்குள் ஆறு மணி நேரம் கட்டிக்கொண்டு நிற்கும் பெண்ணுக்கு, சேலை கட்டியே பழகாதவளுக்கு, அதுதான் வசதி. முந்தியில் மணமக்கள் உருவத்தையே நெய்து கொடுத்தும் இருக்கிறார்கள். வாடிக்கையாளர் கேட்டால் செய்து கொடுங்கள்; நீங்களாக ஆசை காட்டாதீர்கள். அந்தச் சேலையை இரண்டாம் முறை கட்டியவரை நான் பார்த்ததில்லை.

புது டிசைன் போட வேண்டும் என்று காகிதத்தில் வரைந்துகொண்டு போவது நம்மில் பலர் செய்யும் தவறு. டிசைன் நெய்யும் ஜக்கார்டு தறியில் ஒவ்வொரு டிசைனுக்கும் தனியாகத் துளை அட்டை அடிக்க வேண்டும். அந்தச் செலவு நான்கு சேலையின் தலையில் விழுந்தால் விலை எங்கோ போய்விடும். தறியில் ஏற்கெனவே தொங்கும் அட்டைகளைக் காட்டச் சொல்லுங்கள். பழைய கரை ஒன்று, புது நிறச் சேர்க்கை ஒன்று, இரண்டும் போதும். கைபேசியில் அந்தச் சேலை அகப்படாது.

நிறத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் என் பணம் போனது அதில்தான். மூன்றாம் பயணத்துக்கு முன், மயில்கழுத்து நிறம் என்று ஒரு படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பி முன்பணமும் கட்டினேன். வந்த நான்கு சேலைகளும் பாசி படிந்த கிணற்றுத் தண்ணீர் நிறத்தில் இருந்தன. கோபத்தோடு சிறுமுகைக்குப் போனேன். தறிக்காரரின் தாயார் என்னைத் திண்ணையில் உட்காரவைத்து, உள்ளே போய் இரண்டு நூல் கழிகளை எடுத்து வந்தார். ஒன்று நீலம், ஒன்று பச்சை. வாசலுக்கு இறங்கி, வெயிலில் இரண்டையும் சேர்த்து முறுக்கிப் பிடித்தார். மயில் கழுத்து அப்படியே அவர் கையில் திரும்பியது. "அம்மணி, நீ அனுப்பிய படத்தில் பச்சைதான் தூக்கலாகத் தெரிந்தது. பாவும் ஊடையும் தனித்தனியாகச் சொல்ல வேண்டாமா?" என்றார். மயில்கழுத்து ஒரே சாயமன்று. பாவு ஒரு நிறம், ஊடை ஒரு நிறம், இரண்டும் சேர்ந்து கண்ணில் காட்டும் வித்தை. அன்றிலிருந்து படம் அனுப்புவதில்லை. பாவுக்கு ஒரு துண்டு நூல், ஊடைக்கு ஒரு துண்டு, முந்திக்கு ஒரு துண்டு என்று அட்டையில் ஒட்டி, ஒரு படியை அவர்களிடம் கொடுத்துவிட்டு மறுபடியை நான் எடுத்து வருகிறேன்.

ஜரிகைக்கும் இதே கண்டிப்பு வேண்டும். அசல் ஜரிகையில் பட்டு நூலைச் சுற்றி வெள்ளித் தகடு, அதன் மேல் தங்க முலாம். ஹாஃப் ஃபைன் என்பதில் வெள்ளிக்குப் பதிலாகச் செம்பு. சுரண்டினால் உள்ளே வெளுப்பாகத் தெரிவது வெள்ளி, சிவப்பாகத் தெரிவது செம்பு. நெருப்பில் காட்டினால் உருகி உருண்டையாகிவிடுவது பிளாஸ்டிக். பட்டு நூல் முடி கருகும் வாசனையோடு எரிந்து, நுனியில் கையால் நசுக்கினால் பொடியாகும் சாம்பல் விடும். ஹாஃப் ஃபைன் போட்டதைக் குற்றமாகச் சொல்லமாட்டேன், அந்த விலைக்கு அதுதான் வரும். பில்லில் 'ஜரிகை' என்று மட்டும் எழுதாமல், எந்த ஜரிகை என்று எழுதித் தரச் சொல்லுங்கள். இன்னொன்று: 2004இல் வந்த சில்க் மார்க் முத்திரை பட்டு அசல் என்று மட்டுமே சொல்கிறது. கையால் நெய்ததா, ஜரிகை எப்படிப்பட்டது என்றெல்லாம் அது சொல்லாது. கைத்தறிக்குத் தனி முத்திரை இருக்கிறது. நம் கடைகள் சிலவற்றில் சில்க் மார்க்கைக் காட்டிக் கைத்தறி என்று விற்கிறார்கள். தெரியாமல்தான் செய்கிறார்கள் என்று நம்புவோம்.

மற்ற ஊர்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். நிச்சயதார்த்தம், வளைகாப்பு மாதிரிச் சிறு விசேஷங்களுக்குக் கோவை கோரா காட்டன் நல்ல சரக்கு. பட்டும் பருத்தியும் கலந்தது. பிசின் நீக்காத பட்டு என்பதால் மொடமொடப்பாக நிற்கும். 2014இல் புவிசார் குறியீடு பெற்றது. உறவினர்களுக்கு எடுத்துக் கொடுக்கும் சேலைகளுக்குச் சேலம் பக்கத்து எளம்பிள்ளை. அது விசைத்தறி ஊர், எண்ணிக்கைக்குப் போகலாம், கைத்தறி என்ற பேச்சுக்கே இடமில்லை. ஈரோடு கனி மார்க்கெட் ஜவுளிச் சந்தை திங்கள் மாலை தொடங்கிச் செவ்வாய் வரை நடக்கும். ஒரு முறை பார்க்க வேண்டிய காட்சிதான், ஆனால் கல்யாணக் கடைக்கு அங்கே பெரிதாக வேலையில்லை. மாப்பிள்ளை வேட்டிக்குச் சேலம் வெண்பட்டு இருக்க வேறெதையும் தேட வேண்டாம். சேலம் வரை வந்தவர்கள் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசும் பார்த்துவிடலாம். அங்கே முதல் கேள்வி 'எத்தனை டச்', அதாவது வெள்ளியின் தூய்மை எவ்வளவு என்பதாக இருக்கட்டும். பற்றவைப்பு அதிகமுள்ள கொலுசில் வெள்ளி குறையும். எடை மட்டும் பார்த்து வாங்கினால் ஏமாற்றந்தான்.

எப்போது வருவது? தை, வைகாசி, ஆவணி, ஐப்பசி முகூர்த்தங்களுக்குச் சேலை வேண்டுமென்றால் அந்த மாதங்களில் வந்து பயனில்லை. ஆடியில் இங்கே கல்யாணம் இல்லை, கடைகளில் தள்ளுபடிக் கூட்டம். அந்தக் கூட்டத்துக்குப் போகாமல், உற்பத்தியாளரிடம் உட்கார்ந்து பேச ஆடி நல்ல மாதம். ஆவணிக்குப் பிறகு தீபாவளி ஆர்டரில் தறிகள் நிறைந்துவிடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் பாவு தோய்க்க, அதாவது நூலுக்குக் கஞ்சி ஏற்றி உலர்த்த, தெருவும் கிடைக்காது, வெயிலும் கிடைக்காது. இரண்டு வாரம் என்று சொன்னது ஐந்து வாரமாகும். அமாவாசையன்று பல வீடுகளில் தறிக்குழியில் இறங்க மாட்டார்கள். நாள்காட்டியைப் பார்க்காமல் வந்து, பூட்டிய தறியைப் படமெடுத்துக்கொண்டு திரும்பியவள் நான்.

பில் விஷயம் சலிப்பூட்டும், ஆனாலும் படியுங்கள். கடையில் பணம் கட்டிப் பெட்டியில் வைத்து எடுத்து வந்தால் அது உள்ளூர் விற்பனை. பட்டுச் சேலைக்கு ஐந்து சதவீத ஜிஎஸ்டி உங்கள் கையை விட்டுப் போனது போனதுதான். ஏற்றுமதி எண்ணும் ஜிஎஸ்டி பதிவும் உள்ள உற்பத்தியாளரோ கூட்டுறவுச் சங்கமோ, முறைப்படி உறுதிக்கடிதம் கொடுத்து வெளிநாட்டுக்கு அனுப்பினால் அந்த வரி விழாது. நெசவாளர் வீட்டில் இந்த எண்கள் இருக்காது. ஆகவே ஒப்பந்தம் வீட்டில் பேசினாலும் பில் அவர்களுடைய சங்கத்தின் பெயரிலோ உற்பத்தியாளர் பெயரிலோ வரட்டும். பிரிட்டனில் இறக்க உங்களுக்கு ஈ.ஓ.ஆர்.ஐ எண், அதாவது சுங்கத்துக்கான வணிகர் பதிவு எண், வேண்டும். முப்பது சேலையை 'அன்பளிப்பு' என்று சொல்லி, சுங்கத்தில் அறிவிக்க ஒன்றுமில்லாதவர்கள் போகும் பச்சை வழியில் நடந்துபோக நினைக்காதீர்கள். ஒரே அளவில் மடித்து ஒரே மாதிரி உறையில் போட்ட முப்பது அன்பளிப்பை எந்தச் சுங்க அதிகாரி நம்புவார்? விசாவும் அப்படியே: கொள்முதலுக்கு வருபவருக்கு இ-பிசினஸ் விசா இருக்கிறது, இந்திய வம்சாவளியினருக்கான ஓ.சி.ஐ அட்டை வைத்திருப்பவருக்கு அதுவும் வேண்டாம்.

பேரம் பேசலாம், கூலியில் மட்டும் பேசாதீர்கள். பட்டு விலையும் ஜரிகை விலையும் சந்தையில் ஏறி இறங்கும். அவற்றை எடை போட்டுக் கணக்குக் கேட்பதில் தவறில்லை. கூலியைக் குறைத்தால் ஊடை நெருக்கம் குறையும், அது சேலையில் தெரியும். முன்பணத்தை மூன்றாகப் பிரித்துக் கொடுக்கிறேன்: நூல் வாங்க, பாவு ஏற, முதல் சேலையைத் தறியிலிருந்து அறுத்தவுடன். முதல் சேலையை மட்டும் கூரியரில் வரவழைத்துக் கையால் தொட்டுப் பார்த்த பிறகே மற்றவற்றுக்கு ஊடை நிறம் சொல்கிறேன்.

பாவு முடியும்போது அவர்களே கூப்பிடுவார்கள், ஊர் நேரம் காலை ஆறு மணிக்கு. லண்டனில் அப்போது நள்ளிரவு தாண்டியிருக்கும். தூக்கக் கலக்கத்தோடாவது எடுத்துவிடுங்கள். அடுத்த பாவு உங்களுக்கா, கோவைக் கடைக்கா என்று கேட்கத்தான் கூப்பிடுகிறார்கள்.