ரோம வெள்ளிக்காசில் நிற்பது யார்? கண்டறியும் முறை

தினாரியஸ் என்ற ரோம வெள்ளிக்காசின் பின்புறத்தில் உள்ள உருவம் எந்த நற்பண்பின் வடிவம் என்று அறிய, எழுத்துக்கு முன் கைகளைப் பாருங்கள். அச்சு சற்று விலகி விழுந்திருந்தால் விளிம்பு எழுத்து பாதி போயிருக்கும். நடுவில் உள்ள உருவம் தப்பியிருக்கும்.

மேசையில் துணி விரியுங்கள். பழைய வெள்ளி நொறுங்கும் தன்மையோடு இருக்கலாம், கீழே விழுந்தால் உடையலாம். டார்ச்சைப் பக்கவாட்டில் தாழப் பிடித்து, 10 மடங்கு லென்ஸால் பாருங்கள்.

கையில் தராசு என்றால் ஈக்விடாஸ், நேர்மை. ஆனால் நாணயச்சாலையின் மொனேட்டாவும் தராசு பிடிப்பாள். இங்கே மட்டும் எழுத்தைப் படித்தே தீரவேண்டும். பாம்புக்குத் தட்டில் ஊட்டுபவள் சாலுஸ், உடல்நலமும் நாட்டு நலமும். ஒரு கையில் பூ, மறு கையில் உயர்த்திப் பிடித்த ஆடை நுனி: ஸ்பெஸ், நல்லது வரும் என்ற நம்பிக்கை. முக்காட்டை முகத்தருகே இழுப்பவள் புடிகிட்டியா, அடக்கம். அரசியர் காசுகளில் அதிகம் வருவாள். முக்காட்டோடு பலிபீடத்தருகே நின்றால் பியெட்டாஸ், தெய்வத்துக்கும் குடும்பத்துக்கும் செய்யும் கடமை. பழம் நிறைந்த கொம்பைப் பலரும் ஏந்துவார்கள், அதை வைத்து முடிவு செய்யாதீர்கள். லத்தீன் எழுத்தில் ‘யூ’ (U) தேடவும் வேண்டாம். அதன் இடத்தில் ‘வி’தான் (V) இருக்கும்.

தமிழகத்தில் கிடைத்த தினாரியஸ்களில் பெரும்பாலானவை ரோமப் பேரரசர்கள் அகஸ்டஸ், திபேரியஸ் காலத்தவை. திபேரியஸ் காசில் கோலும் கிளையும் ஏந்தி அமர்ந்திருக்கும் பெண்ணைப் பலர் பாக்ஸ், அதாவது அமைதி, என்று எழுதிவிடுகிறார்கள். சுற்றியுள்ள எழுத்து அவள் பெயரைச் சொல்லவில்லை. ‘தலைமைக் குரு’ என்ற பேரரசர் பட்டம்தான் அது. அவளைத் திபேரியஸின் தாய் லிவியா என்றும் கருதுவார்கள். குறிப்பேட்டில் ‘அமர்ந்த பெண், கோல், கிளை’ என்று எழுதினால் போதும், அதுவே நேர்மையான பதிவு.

திபேரியஸ் காசு சுமார் 3.7 கிராம் இருக்கும். கி.பி. 64இல் பேரரசர் நீரோ எடையைக் குறைத்தபின் சுமார் 3.4. எடை மிகவும் குறைந்தால் செம்பின் மேல் வெள்ளி பூசியதா என்று தேய்ந்த மேடுகளில் பாருங்கள். விளிம்பைச் சுற்றி ஒட்டுக்கோடு ஓடினால் வார்ப்புப் போலி. முகத்தின் குறுக்கே உளி வெட்டு இருந்தால் ஒதுக்காதீர்கள். இந்தியாவில் கிடைத்த காசுகளில் அது பழைய வழக்கம்.

புளி, பல்பொடி போட்டுத் தேய்த்தால் ஸ்பெஸின் பூவும் சாலுஸின் பாம்பும் முதலில் அழியும். கருமையை அப்படியே விடுங்கள். கடலூர், புதுச்சேரி உப்புக்காற்றில் சிலிக்கா ஜெல்லோடு மூடிய டப்பா வேண்டும். பிவிசி உறை பச்சைப் பிசின் விடும், கூடாது.

கடலூர்ப் பக்கம் மண்ணில் காசு கிடைத்தால் கழுவாமல், இடத்தைக் குறித்து, கலெக்டருக்குத் தெரிவியுங்கள். இப்படித் தெரிவிக்கச் சொல்வது 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டம்.